பெரிய மனசுக்காரி

இந்தப் பக்கம் தள்ளி உட்காருங்க அக்கா, அங்கே ஓடு தெறிக்கும். புளி தட்டுகிற இடத்தில் நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்காரக் கூடாது. கறை பிடித்தால் போகாது. உள்ளே ஆள் இருக்கிறது. அவர்கள் வெளியே வந்ததும் மாதேஸ்வரி உங்களைக் கூப்பிடுவாள். அவள் கூப்பிடுகிறபோதுதான் நீங்க போக முடியும். நடுவில் எட்டிப் பார்த்தால் மகாராணிக்குப் பிடிக்காது.

உங்கள் வீட்டுக்காரருக்குக் கால் போய்விட்டது என்றா சொன்னீங்க? கல் குவாரியிலா? அடக் கடவுளே. முட்டிக்கு மேலேயா, கீழேயா? சரி, சரி, என்னிடம் சொல்ல வேண்டாம், அவளிடம் சொல்லிக்கொள்ளுங்க. கேட்கிற வேலை அவளுடையது. எனக்குப் புளி.

இந்தப் புளியும் என்னுடைய வேலை இல்லை அக்கா. மண்டிக்காரர் மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லில் வைத்துக் கட்டையால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தனியே வந்து விழ வேண்டும். எனக்கு விழாது. சதைதான் நசுங்கும், இல்லையென்றால் என் விரல் நசுங்கும். இங்கே பாருங்க. நகம் கறுத்துவிட்டது. அதில் புளி பட்டால் எப்படி எரியும் என்று நினைக்கிறீங்க?

இது மாதேஸ்வரி செய்துகொண்டிருந்தது. மாதேஸ்வரி என் வீட்டுக்காரருக்குத் தங்கை. நீங்க பார்க்க வந்திருக்கிற மேடம். போலியோ வந்து இரண்டு காலும் குச்சி மாதிரி. வீட்டுக்குள் கையை ஊன்றித்தான் நகருவாள். பாவம், அவளால் ஒன்றும் முடியாது. காலையில் அடுப்பைப் பற்ற வைத்துச் சோறு வடிப்பாள். என் பாப்பாவைக் குளிப்பாட்டிப் பால் புகட்டித் தூங்க வைப்பாள். அப்புறம் இந்த மூட்டையைத் தட்டிப் போடுவாள். அவ்வளவுதான். மற்றதெல்லாம் நான்தான்.

ஊரில் அவளை நொண்டிப் பொண்ணு என்றுதான் சொல்லுவார்கள். நான் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. வாய் நிறைய 'பாவம் மாதேஸ்வரி' என்பேன். யார் வந்து என்ன கேட்டாலும் அவளுக்கு வேலை வைக்காமல் நானே பதில் சொல்லிவிடுவேன். "மாதேஸ்வரி, டீ குடிக்கறியா?" என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்பாள். "அவ குடிக்க மாட்டா" என்று நான் சொல்வேன். "திருவிழாவுக்கு வர்றியா மாதேஸ்வரி?" என்பாள். "அவளுக்குக் கூட்டம் ஆகாது" என்பேன். நாலு வருஷமாக அவளுக்கு வாய் நான்தான். அதற்கு ஒரு நன்றி வேண்டாமா?

வெளி மனுஷர்களிடம் எனக்குப் பேச்சு வராது, அதையும் சொல்லிவிடுகிறேன். இப்போது உங்களிடம் பேசுகிறேனே என்றால், நீங்க ஒரே ஆள், என் கையில் வேலை இருக்கிறது, உங்கள் முகத்தை நான் பார்க்க வேண்டியதில்லை. நாலு பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னையே பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். கல்யாணத்தன்று என் பேரைக் கேட்டதற்கே என் தம்பிதான் பதில் சொன்னான்.

நீங்க ஏன் அக்கா கை வைக்கறீங்க? வந்தவர்கள் நீங்க. சரி, நாரை மட்டும் உருவிப் போடுங்க. நன்றாக உருவறீங்களே.

போன வருஷம் ஊத்தங்கரையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அங்கே ஒரு சென்டர் இருக்கிறது. கை கால் வராதவர்கள், கண் தெரியாதவர்கள், காது கேட்காதவர்கள், இவர்கள் வீட்டுக்கெல்லாம் போய்ப் பேசி, என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று வழி சொல்கிற ஆள் வேண்டுமாம். பஞ்சாயத்துக்கு ஒருத்தர். முதலில் பயிற்சி, தேறினால் வேலை. "உங்க வீட்டில மாதேஸ்வரின்னு ஒருத்தங்க இருக்காங்களாமே, அவங்க வருவாங்களா?" என்று கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அங்கேயிருந்தே என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன்: "அவளால எப்படிங்க பஸ் ஏற முடியும்? வேணும்னா நான் போறேன்." அவர் அதை அப்படியே அவர்களிடம் சொன்னார். எவ்வளவு யோசித்துச் சொன்னேன் பாருங்க. அவளுக்கு அலைச்சல் வேண்டாமே என்று.

மாதேஸ்வரி அப்போது இதே இடத்தில் உட்கார்ந்து புளி தட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவே இல்லை. அவளுக்குச் சம்மதம்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பயிற்சி என்கிற கூத்தைச் சொல்ல வேண்டுமே உங்களுக்கு. படித்தவர்கள் படித்தவர்கள் என்கிறோம், அவர்களுக்கு வேலையே இல்லை அக்கா. நாற்காலியை வட்டமாகப் போட்டு உட்கார வைப்பார்கள். வரிசையாகப் போட்டால் என்ன, இடமா இல்லை? வட்டத்தில் உட்கார்ந்தால் எல்லோரும் சமமாம். ஆனால் காற்றாடிக்குக் கீழே இருக்கிற நாற்காலி எப்போதும் பிலோமினா மேடத்துக்குத்தான். அவர்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர். காதி புடவை, கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். எதைச் சொன்னாலும் கண்ணை மூடித் தலையை ஆட்டிக் கேட்பார், கோயிலில் நிற்கிற மாதிரி.

முதல் நாள், அவரவரிடம் இருக்கிற நல்ல குணம் ஒன்றைச் சொல்ல வேண்டும் என்றார். குணாளன் என்று ஒரு பையன், காலேஜ் முடித்தவன், எழுந்து, "யார் பேசினாலும் நான் குறுக்கே பேசமாட்டேன், அதுதான் என் குணம்" என்று ஆரம்பித்தவன் டீ வருகிறவரைக்கும் நிறுத்தவில்லை. என் முறை வந்தபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரையில் ஓர் எறும்பு பன் துண்டை இழுத்துக்கொண்டு போனது. "பரவாயில்ல சுகுணா, நேரம் எடுத்துக்கோங்க" என்றார் மேடம். எறும்பு சுவர் வரைக்கும் போய்ச் சேர்ந்தது. அப்புறம் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டார்கள்.

அவர்கள் சொல்லிக்கொடுத்தது என்ன தெரியுமா? கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமாம். எதிரில் இருப்பவர் பேசுகிறவரைக்கும் காத்திருக்க வேண்டுமாம். புத்தி சொல்லக் கூடாது. பாவம் என்று சொல்லக் கூடாது. கூட வந்த சொந்தக்காரர்களைக் கேட்கக் கூடாது, அந்த ஆளைத்தான் கேட்க வேண்டும். சோறு போடுகிறவள் நான், குளிப்பாட்டத் தண்ணீர் தூக்குகிறவள் நான், என்னைக் கேட்கக் கூடாதாம். இதைச் சொல்வதற்கு ஒரு மேடம், ஒரு கரும்பலகை, சாப்பாடு வேறு.

ஒருநாள் நாடகம் மாதிரி செய்யச் சொன்னார்கள். குணாளனுக்குக் கை போய்விட்டது, நான் ஆலோசகர், நான் அவனிடம் பேச வேண்டும். இரண்டு பேரையும் நடுவில் உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றி அத்தனை பேர். எனக்கு வாய் வரவில்லை அக்கா. அதோடு காலையில் கிளம்புகிற அவசரத்தில் பின்பக்கம் போகவில்லை. எழுந்து போகிறேன் என்று சொல்லவும் வெட்கம். காலை இறுக்கிக்கொண்டு, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவன் முதலில் சிரித்தான். அப்புறம், "என் கை போயிடுச்சுங்க" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. "யாரும் வேலை தர்றதில்லைங்க" என்றான். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவனுக்கு என்ன ஆனதோ, அவன் அப்பா பக்கவாதம் வந்து படுத்திருக்கிறதையும், இவன் அவர் பக்கத்திலேயே போகாமல் இருக்கிறதையும் சொல்லி மூக்கைச் சிந்தி அழ ஆரம்பித்துவிட்டான்.

மேடம் எழுந்து நின்றார். "பார்த்தீங்களா? சுகுணா ஒரு வார்த்தை பேசலை. எவ்வளவு அமைதி! அவருக்கு இடம் கொடுத்தாங்க. இது படிச்சு வர்றது இல்ல, இது உள்ள இருக்கணும்." எல்லோரும் கைதட்டினார்கள். தட்டி முடித்ததும் நான் பின்பக்கம் ஓடினேன்.

அன்றிலிருந்து நான்தான் அங்கே உதாரணம். எதற்கெடுத்தாலும் சுகுணாவைப் பாருங்கள், சுகுணா மாதிரி உட்காருங்கள். வாய் பேச வராதவளைப் பிடித்து நன்றாகக் கேட்கிறவள் என்கிறார்கள். இவர்களுக்கு இவ்வளவுதான் தெரியும். சிரிக்கறீங்களா? சிரியுங்க. நானும் பஸ்ஸில் வரும்போது முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

பஸ் என்றதும் சொல்கிறேன். ஜன்னல் ஓர சீட்டு கிடைக்கும், காலையில் கூட்டம் இருக்காது. மடியில் பாப்பா இல்லாமல் அப்படி உட்கார்ந்து போனது அப்போதுதான். அங்கே எனக்கென்று ஒரு நாற்காலி. முதுகு சாய்த்து உட்காரலாம். இந்த வீட்டில் ஒரே நாற்காலி, அது அவருடையது. வேலை கிடைத்தால் தோளில் மாட்ட ஒரு பை, கழுத்தில் போட்டோ வைத்த அட்டை தருவார்கள். எங்கள் பஞ்சாயத்திலிருந்து பயிற்சிக்குப் போனது நான் ஒருத்திதான். அப்படியென்றால் வேலை யாருக்கு? நீங்களே சொல்லுங்க. எனக்கு அந்த அட்டை மேலெல்லாம் ஆசை இல்லை. போட்டோ மட்டும் எடுத்து வைத்திருந்தேன், இரண்டு. காது கம்மலை மாட்டிக்கொண்டு எடுத்தது.

நான் ஆறாவதோடு நின்றவள். மாதேஸ்வரி கை வண்டியைச் சுற்றிக்கொண்டே போய்ப் பத்தாவது முடித்தவள். அதனால் சாயங்காலம் பாடத்தை அவள்தான் வாசிப்பாள். வாசித்துவிட்டு, "அண்ணி, இந்த எடத்துல நீங்க என்ன கேப்பீங்க?" என்பாள். "எனக்குத் தூக்கம் வருது, நீயே கேளு" என்பேன். அவள் சுவரைப் பார்த்துக் கேட்பாள். கொஞ்ச நேரம் சும்மா இருப்பாள். அப்புறம் அடுத்த கேள்வி. பைத்தியக்காரி என்று நினைத்துக்கொள்வேன்.

கடைசியில் பரீட்சை. உண்மையான ஆள் ஒருவரிடம் பேசிக் காட்ட வேண்டும், மேடம் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பார். வெளி ஆளிடம் போய் நான் எங்கே பேச? வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே. மாதேஸ்வரியைத்தான் எடுத்துக்கொண்டேன். பரீட்சைக்கு முதல் நாள் சாயங்காலமே உட்கார வைத்து எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். "நான், உனக்கு என்ன வேணும்னு கேப்பேன். நீ, எனக்கு ஒரு கொறையும் இல்ல, அண்ணி நல்லா பாத்துக்கறாங்க, ஒரு தையல் மிஷின் கெடச்சா போதும்னு சொல்லணும். அப்புறம் கும்பிடு போடணும். போதும்." அவள் சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "மேடத்துக்கு டீ போடறதா, காபி போடறதா அண்ணி?" என்று கேட்டாள்.

மறுநாள் மேடம் வந்தார். அவருக்கு நாற்காலி. நானும் மாதேஸ்வரியும் கீழே, எதிரெதிரே. என் வீட்டுக்காரர் தீர்த்தகிரி வாசற்படியில் நின்றுகொண்டு மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். பாப்பா அவளுடைய மடியில். நான் எப்படியோ எச்சிலை விழுங்கிக் கேட்டுவிட்டேன்: "மாதேஸ்வரி, உனக்கு என்ன வேணும்?"

அவள் பேசவில்லை.

வேறு நாளாக இருந்தால் நானே சொல்லிவிட்டிருப்பேன், தையல் மிஷின் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது அக்கா. ஆனால் மேடம் அந்தக் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வாய் ஒட்டிக்கொண்டது. ஆடு கத்தியது. தெருவில் ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். பாப்பா அவள் வளையலைப் பிடித்து இழுத்தது. என் வீட்டுக்காரர், "சொல்லேன் புள்ள" என்றார். மேடம் கையைத் தூக்கி அவரை நிறுத்திவிட்டார்.

அப்புறம்தான் அவள் பேசினாள். மேடத்தைப் பார்த்து இல்லை, என்னைப் பார்த்து. "தையல் மிஷின் வேணாம் அண்ணி. அதை மிதிக்கறதுக்குக் கால் வேணும்."

எப்படி இருக்கிறது பாருங்க. மோட்டார் வைத்த மிஷின் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாதா? வேண்டுமென்றே சொன்னாள். மேடத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் அப்போதும் பேசவில்லை. எப்படிப் பேசுவேன்? அவள் நிறுத்தவில்லை. "நீங்க போற வேலைக்கு நான் போகணும் அண்ணி. போன வருசம் அவங்க என்னைத் தேடித்தான் வந்தாங்க. கேட்டது என் காதுல விழுந்துச்சு. ஆனா என்கிட்ட யாரும் கேக்கலை."

அவ்வளவு நாள் வாயே திறக்காமல் இருந்தவள், யார் முன்னால் திறந்தாள் பார்த்தீங்களா? நான் சோறு போட்ட வீட்டில். அவள் வடித்த சோறுதான், இருந்தாலும் போட்டது நான் இல்லையா?

மேடம் என் பக்கம் திரும்பினார். "சுகுணா, இதைக் கேட்டதும் உங்களுக்கு என்ன தோணுது?"

எனக்கு உள்ளே கொதித்தது. சொல்வதற்கு எனக்கு ஒன்றா இரண்டா? ஆனால் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வேறு வந்து தொலைத்தது. மேடமும் காத்திருந்தார், அவர் பாடப்படி. காத்திருந்தவர் இன்னும் கொஞ்சம் காத்திருக்கக் கூடாதா? எனக்கு வார்த்தை வந்து சேர நேரம் ஆகும். ஐஸ்காரன் அடுத்த தெருவுக்குப் போவதற்குள் அவர் எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "புரியுது சுகுணா. நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். தன் வேலையை இன்னொருத்தருக்கு விட்டுக் கொடுக்கற பெரிய மனசு யாருக்கு வரும்!"

நான் எப்போது விட்டுக் கொடுத்தேன்?

என் வீட்டுக்காரர் இருக்கிறாரே, அவர் வாசற்படியிலிருந்து, "ஆமாங்க மேடம், அவளுக்கு மனசு பெருசு" என்கிறார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு போட்டுவிட்டுக் குழம்பு ஊற்றவில்லை. எதற்கு என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. உப்பைப் போட்டுப் பிசைந்து தின்றுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அப்புறம் சென்டரில் ஒரு விழா. என்னை மேடையில் ஏற்றி, இந்தக் கதையை மேடமே மைக்கில் சொல்லி, துண்டு போர்த்தினார்கள். "ரெண்டு வார்த்தை பேசுங்க சுகுணா" என்று மைக்கை நீட்டினார்கள். நான் நின்றேன். அதற்கும் கைதட்டினார்கள். குணாளன் எழுந்து நின்று தட்டினான். இப்போது அவன் அப்பாவுக்கு அவன்தான் கஞ்சி ஊட்டுகிறானாம், எனக்கு நன்றி சொன்னான். அந்தத் துண்டில்தான் பாப்பாவுக்கு மூக்குத் துடைக்கிறேன். தண்ணீரையும் இழுக்காது, ஒன்றையும் இழுக்காது, வழுவழுவென்று ஒரு துணி.

பஸ் ஏற முடியாது என்றேனே, மாதேஸ்வரி இரண்டு மாதம் பஸ்ஸில்தான் போய்ப் பயிற்சியை முடித்தாள். சென்டரில் கொடுத்த சக்கர வண்டியைக் கண்டக்டர் மடக்கி மேலே ஏற்றுகிறான், இவள் படிக்கட்டில் கையை ஊன்றி ஏறுகிறாள். வெட்கம் மானம் வேண்டாமா ஒரு பெண்பிள்ளைக்கு? அத்தனை பேர் பார்க்க எப்படித்தான் ஏறுகிறாளோ. நானாக இருந்தால் செத்துப்போயிருப்பேன்.

இப்போது கழுத்தில் அட்டை. வீட்டுக்கு ஆள் வந்துகொண்டே இருக்கிறது. நீங்க வந்திருக்கிற மாதிரிதான். உள்ளே அந்த அறையில் என்ன பேசுகிறாள் என்று ஒருநாள் ஒட்டுக் கேட்டேன். ஒன்றுமே பேசவில்லை அக்கா. ஒரு கேள்வி, அப்புறம் சும்மா. வந்தவர்கள்தான் பேசுகிறார்கள். இதற்கு ஒரு சம்பளம். பாப்பாவும் அவள் மடியில்தான், உள்ளே. என்னிடம் வந்தால் அழுகிறது. எனக்கு இங்கே சோறு, தண்ணீர், இந்தப் புளி, வருகிறவர்களுக்கு டீ. "அண்ணி, நீங்களும் என்கூட வீடுகளுக்கு வாங்க, எனக்கும் துணையா இருக்கும், மேடத்துகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்கிறாள். நான் அவளுக்கு வண்டி தள்ளவா? எனக்கு என்ன தலையெழுத்து? நான் பதில் சொல்லவில்லை. யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

என்ன அக்கா, கண்ணைத் துடைக்கறீங்க? புளித்தூசி பட்டுவிட்டதா? உங்கள் வீட்டுக்காரர் படுத்தே கிடக்கிறாரா? பேசுவதே இல்லையா? சொல்லுங்க... இருங்க, இருங்க, நான் ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன், பாதியில் விட்டால் எனக்கு மறந்துபோகும்.

மேடம் கேட்டாரே, உனக்கு என்ன தோன்றுகிறது என்று. அதற்கு நான் சொல்ல நினைத்ததை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. என் வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது, சொன்னால் தங்கச்சிக்குக் கிடைத்ததில் பொறாமை என்பார். அம்மாவிடம் சொன்னால் குடும்பத்தைப் பார் என்பாள். எனக்கு அந்தச் சம்பளம்கூடப் பெரிதில்லை அக்கா. மாதேஸ்வரி மேல் எனக்குக் கோபமும் இல்லை, அது கிடக்கிறது. அந்தம்மா என் கையைப் பிடிக்காமல் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். வார்த்தையெல்லாம் கோர்த்துத் தயாராக வைத்திருந்தேன். சத்தமாகக்கூட இல்லை, மெதுவாகச் சொல்லியிருப்பேன். மேடம், நான்கூட...

"அண்ணீ! கொஞ்சம் உள்ள வர்றீங்களா? இந்த அண்ணனைப் புடிச்சு எழுப்பணும். வெளியில இருக்கறவங்களையும் வரச் சொல்லுங்க."

இதோ வர்றேன் மாதேஸ்வரி. எழுந்திருங்க அக்கா, உங்களைத்தான் கூப்பிடுகிறாள். மடியைத் தட்டிக்கொள்ளுங்க, நார் ஒட்டியிருக்கிறது. இல்லை, ஒன்றும் பெரிதாக இல்லை அக்கா, நான் என்ன சொல்ல வந்தேன் என்றால், சென்டரில் அந்த நாற்காலியில் நான்...